விரித்த கையோடு ஓடியவனுக்கு

நேற்று புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியில் கையுறை வாங்கப் போனேன். ஒரு காவலாளி என் பின்னாலேயே வந்தான். நான் திரும்பிய பக்கமெல்லாம் அவனும் திரும்பினான். வேறு யாராவது தற்செயல் என்று விட்டிருப்பார்கள். நான் விடுவேனா, என்னை உனக்குத் தெரியும். ஆனால் என்னை அறியாமலே குளிர்ச்சட்டைப் பையிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, விரித்துத் தொங்கவிட்டிருந்தேன். உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது, மச்சான்.

உன்னையே நான் முதலில் நம்பவில்லையே. கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலைக்கு நாம் சேர்ந்த புதிதில், நீ ஊரில் ஓட்டச் சாம்பியன் என்று சொன்னார்கள். இங்கே வந்த எங்கள் ஆட்களில் ஊரில் சும்மா இருந்தவர் யார்? பதக்கம் எங்கே என்று கேட்டேன். இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது என்றாய். நல்ல வசதியான பதில் என்று நினைத்துக்கொண்டேன். சப்பாத்து வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு ஓடி வென்ற கதையையும் பாதிதான் நம்பினேன். ஒருநாள் உடைமாற்றும் அறையில் உன் உள்ளங்காலைப் பார்த்தேன். தடித்து வெடித்துக் கிடந்தது. மீதியையும் நம்பவேண்டியதாயிற்று.

வேலை முடிந்து கர்க்லாண்ட் தெருக்கள் வழியாக ஓடியே வீட்டுக்குப் போவாய். சில நாள் நான் காரில் பின்னால் வருவேன். விரல்களை அகல விரித்துக்கொண்டு நீ ஓடுவது எனக்குப் பிடிக்காது.

"கையைப் பொத்திக்கொண்டு ஓடன். வேகம் குறையுது."

"ஓடுறது நீயோ, நானோ?"

லவால் நகருக்கு மெட்ரோ ரயில் வந்த வருடம், அங்கே நடந்த மூத்தோர் ஓட்டத்தில் நீ முதலாவதாக வந்தாய். கைதட்டல் அரைகுறையாகத்தான் எழுந்தது. நடத்துநர் முடிவை அறிவிக்கவில்லை. உன் சட்டையில் குத்தியிருந்த இலக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவரைப் பாதி வழியில் கண்டவர்கள் உண்டா என்று விசாரித்தார். உனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ மெட்ரோவில் ஏறி வந்துவிட்டாய் என்று நினைத்தார்களோ என்னவோ. முதலாமிடத்தைப் பறிக்கப்போகிறார்கள் என்று நிச்சயமாக நினைத்தேன்.

நீ மட்டும், "கேக்கட்டும் மச்சான். ஓடினது ஓடினதுதானே" என்றாய்.

பாதி வழியில் தண்ணீர் கொடுத்த பெண்ணை அழைத்து வந்தார்கள். உன்னைக் கண்டதும் அவள் பிரெஞ்சில், "இவர்தான். என்னிடம் தண்ணீர் வாங்காமல் கையை விரித்துக்கொண்டு போனவர்" என்று சிரித்தாள். அதன் பிறகுதான் பதக்கம் உன் கழுத்துக்கு வந்தது. நல்ல பதக்கம்தானா என்று நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, ஏன் அப்படி ஓடுகிறாய் என்று கேட்டேன்.

"ஊரில ஆமிக்காரன்ர சென்றிக் காவலைத் தாண்டித்தான் ஓடிப் பழகினனான். இங்க கர்க்லாண்டில பொலிஸ் மறிச்சு, எங்க ஓடுறாய் எண்டு கேட்டவன். அங்கயும் சரி, இங்கயும் சரி, ஓடுறவன்ர கையில என்ன இருக்கெண்டுதான் முதல் பாப்பாங்கள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நம் இருவரில் சந்தேகப் பிராணி நான் என்றல்லவா அதுவரை நினைத்திருந்தேன். நீ ஒவ்வோர் அடியிலும் பயந்துகொண்டு ஓடி வென்றவன்.

உனக்கு வந்த நோயைச் சொன்ன டாக்டரை நான் நம்பவில்லை. நீ போய்விட்டாய் என்று தொலைபேசியில் சொன்னவர்களையும் நம்பவில்லை. சவப்பெட்டிக்குக் கிட்ட வந்து பார்த்தேன். மாதா கோயில் ஆட்கள் உன் விரல்களை மடித்துக் கோர்த்து, செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். உன் கைகள் மூடியிருந்ததை அன்றுதான் பார்த்தேன். அப்போது நம்பினேன்.

நேற்றுக் கையுறைக்குக் காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். விறைக்கிற குளிர். ஆனாலும் கையுறையைப் போடவில்லை. கார் வரைக்கும் விரல்களை அகல விரித்தபடியே நடந்தேன். கண்ணாடிக்கு உள்ளே நின்று அந்தக் காவலாளி பார்க்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

பார்க்கட்டும், மச்சான்.