நல்லம்மாள் பெயரில் வந்தவள்

14 மார்ச் 1927, திங்கள். ஈப்போ

ஸ்டேஷனிலிருந்து நானும் கருப்பம்மாளும் நடந்தே வந்தோம். சீனன் காப்பிக் கடைக்கு மேலே ஓர் அறை. பலகைத் தடுப்பு கூரை வரை எட்டவில்லை. பக்கத்து அறைக்காரன் இருமினால் நாம் விழித்துக்கொள்ள வேண்டியதுதான். கட்டில் ஒன்று, எச்சில் பணிக்கம் ஒன்று, மூட்டைப்பூச்சி வேண்டிய மட்டும். கோயில் மண்டபத்தில் படுத்திருக்கலாம். ஆனால் அங்கே தெரிந்த முகம் வரும், 'கூட வந்திருக்கிறது யாரு' என்று கேள்வி வரும்.

கடை முதலாளி, அந்தத் தவுக்கே மட்டும் விட்டானா? "லாக்கி பினி?" புருஷன் பெண்டாட்டியா என்கிறான். ஆமாம் என்றேன். வாசல் கரும்பலகையில் சன்னாசி என்ற என் பெயரைச் சீனத்தில் என்னவோ கிறுக்கினான். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கருப்பம்மாளுக்குக் கட்டில், எனக்குத் தரை. தோட்டத்து லயத்து வீட்டிலும் நான்கு வருஷமாக இதே ஏற்பாடுதான். அங்கே நடுவில் ஒரு சாக்குத் திரை உண்டு.

15 மார்ச்

லேபர் ஆபீஸ் போனோம். துரை காம்பார் பக்கம் தோட்டம் பார்க்கப் போயிருக்கிறாராம். பெயர் திருத்தக் கொண்டுபோன மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வாரும்" என்றார் கிளார்க் துரைசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். இன்னும் மூன்று நாள் இந்த மூட்டைப்பூச்சிகளோடு.

16 மார்ச்

துரை முன்னால் உளறக் கூடாது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

1923, மலாயாவுக்குக் கப்பலேற்றும் நாகப்பட்டினம் டிப்போ. எனக்கும் நல்லம்மாளுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். கப்பலுக்கு முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல். டாக்டர் அவளை நிறுத்திவிட்டார். தனி ஆண்களுக்கு இடம் நிரம்பிவிட்டது. "சம்சாரம் இல்லாம உன்னை ஏத்த மாட்டாங்கடா" என்றார் கங்காணி மாயாண்டி. அங்கே ஒரு விதவை துணை இல்லாமல் நின்றிருந்தாள். அவளையும் தனியாக ஏற்ற மாட்டார்கள். நல்லம்மாளின் சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார் கங்காணி. அவள்தான் கருப்பம்மாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கப்பலில் நல்லம்மாளை அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எப்படி அழைப்பது? காகிதத்தில் நல்லம்மாள் மலாயாவுக்கு வந்தாயிற்று. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் கிராணி நல்லம்மாள் என்று கூப்பிட, கருப்பம்மாள் "வந்திருக்கேன்" என்கிறாள்.

சித்திரையில் மாயாண்டி ஆள் கட்ட ஊருக்குப் போகிறார். அதற்குள் பெயரைத் திருத்தினால் நல்லம்மாளைக் கூட்டி வருவார். இல்லாவிட்டால் அவ்வளவுதான். அவள் அண்ணன் வேறு இடம் பார்க்கிறானாம். "நான் பெட்டி கட்டி வச்சிருக்கேன்" என்று வாத்தியாரிடம் சொல்லி எழுதியிருக்கிறாள்.

அவள் மூக்குத்தி நினைவில் இருக்கிறது. முகம் வரவில்லை.

17 மார்ச்

கருப்பம்மாள் என் சட்டையைக் கீழே தொட்டித் தண்ணீரில் அலசி ஜன்னலில் போட்டாள். பிறகு கேட்டாள். "துரைகிட்ட என்னா சொல்லணும் அண்ணே?"

"என் பேரு கருப்பம்மாள், நான் இவரு சம்சாரம் இல்ல. அம்புட்டுதான்."

மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். "அப்புறம் என்னைய என்னா செய்வாங்க?"

தெரியாது என்றேன். தெரியும். செவ்வாய்க்கிழமையே துரைசிங்கம் சொன்னார்: "கள்ளப் பேரில வந்தவையைத் திருப்பிக் கப்பலேத்திப் போடுவினம்." ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கொழுந்தன் அடித்து விரட்டித்தானே டிப்போவுக்கு வந்தாள். தெரிந்துகொண்டே அவளை அழைத்துப் போகிறேன். நான் நல்லவன் இல்லை. வருத்தமாவது வர வேண்டாமா? அதுவும் இல்லை.

18 மார்ச், வெள்ளி

துரை இருந்தார். துரைசிங்கம் கருப்பம்மாளிடம் பெயர் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நல்லம்மாள்."

"இவர் ஆர்?"

"எங்க வீட்டுக்காரரு."

துரைசிங்கம் என் பக்கம் திரும்பினார். "என்ன காணும், சரியோ?"

ஒரே ஒரு 'இல்லை' போதும். வாய் வரைக்கும் வந்தது. ஏண்டா சன்னாசி, ஏன் சொல்லலை? டிப்போவுலயும் இப்படித்தானே நின்னே, மரம் மாதிரி —

"சரிங்க" என்றேன்.

"அப்ப ஏன் காணும் இந்த மனு?" என்று கிழித்துக் கூடையில் போட்டார். துரை அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் கருப்பம்மாள் சொன்னாள்: "செவ்வாக்கெழமை கிளாக்கரு சொன்னப்ப நானும் வாசல்லதான் நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

19 மார்ச்

கோபம் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. பகல் ரயிலுக்குப் புறப்படுகிறோம்.

21 மார்ச். தோட்டம்

நல்லம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். ஆபீஸில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், காத்திருக்க வேண்டாம், உன் அண்ணன் பார்க்கிற இடத்துக்குச் சம்மதி என்று. முதல் வரி பொய். இரண்டு தரம் கிழித்துவிட்டு மறுபடியும் அதையேதான் எழுதினேன்.

கருப்பம்மாள் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

"இனிமே நான் செத்தாலும் அவுக பேருலதான் எழுதுவாங்களா?"

"ஆமா."

"அப்ப நீங்களாச்சும் வீட்டுக்குள்ள கருப்பம்மான்னு கூப்பிடுங்க."

சரி என்றேன். இதுவரை கூப்பிடவில்லை.