ஓங்கிய கை

அப்பாவுக்கு,

இதை உங்கள் தலையணைக்கடியில் வைக்கிறேன். படித்து உங்களுக்குப் புரிந்தால், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஆய்வகத்தில் எலியை ஒரு பெட்டியில் விட்டு, அதன் காலில் லேசாக ஷாக் கொடுப்போம். மறுநாள் அதே பெட்டியில் விட்டால் பயத்தில் உறைந்து நின்றுவிடும். மூளையில் செய்தி கடத்தும் ஒரு புரதத்தை மட்டும் முடக்கிவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மீசையைத் துடைத்துக்கொண்டு உலாவும்.

நேற்று என் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுக்கக் கையைத் தூக்கினீர்கள். இந்த வயதிலும் மேசைக்கடியில் ஒடுங்கப் பார்த்தேன். "ஏம்மா பயப்படுற? நான் உன்ன ஒரு தடவகூட அடிச்சதில்லையே" என்று சிரித்தீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"பாவம்டி, அவரே மறந்துட்டாரு, நீயும் விட்டுடு" என்கிறாள் அம்மா.

விடுவதாக இல்லை. அந்தப் புரதத்தைத் தூண்டும் புது மருந்தின் சோதனையில், பெரிய டாக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உங்களைச் சேர்த்திருக்கிறேன். பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெற வேண்டும் என்று நர்ஸ் உருகுகிறாள்.

படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். வந்து உங்கள் முன்னால் கையை ஓங்குவேன். அடிக்க மாட்டேன். "ஏம்மா?" என்று நீங்கள் கேட்காவிட்டால், உங்களுக்குக் குணமாகிவிட்டது.

உங்கள் செல்ல மகள்