சான் இசித்ரோவின் முதுகு

ஏப்ரல் 17, திங்கள்

இந்த வருடம் அறுவடைத் திருநாள் பவனி எங்கள் தெரு வழியாக! நேற்று பூசை முடிந்ததும் ஃபாதர் தெருப் பெயர்களை வாசித்தார். எங்கள் தெருவின் பெயர் வந்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

எங்கள் ஊர் லுக்பானில் ஒவ்வொரு தெருவும் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். போன முறை உழவர்களின் புனிதரான சான் இசித்ரோ சப்பரத்தில் எங்கள் வாசல் வழியாக வந்தபோது நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டை அலங்கரிக்கும் பொறுப்பு இந்த முறை என்னுடையது என்று அறிவித்துவிட்டேன். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சீருடையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டேன். இது தினசரி வேலை. பன்றிக்கறியும் பூண்டும் வினிகரும் கலந்து குடலில் அடைத்து, லொங்கனிசா செய்து விற்கிற வீடு எங்களுடையது. எல்லாவற்றிலும் பூண்டு ஏறிவிடும். வகுப்பில் கிளாரிஸ் என்னை டெஸ் என்று கூப்பிட்டு ஒரு வருடம் இருக்கும். “ஏய் பூண்டு” தான்.

ஏப்ரல் 20

சமூகவியலில் வெலூஸ் மேடம் கொடுத்த வேலை: பவனி போகும் பாதையை வரைபடமாக வரைய வேண்டும். புனிதர் பார்க்க ஒவ்வொரு வீட்டிலும் எதைத் தொங்கவிடப் போகிறார்கள், ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். இதற்குப் பெயர் வீட்டுப்பாடமா? எனக்குக் கரும்பு தின்னக் கூலி.

ஏப்ரல் 27

வகுப்பிலேயே என் வரைபடத்துக்குத்தான் முழு மதிப்பெண். சிவப்பு அம்பு எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. திருநாளன்று வகுப்பே எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்குமாம்.

“மூக்குல துணி கட்டிக்கிட்டு வரணுமா?” என்றாள் கிளாரிஸ்.

“முன்வாசல்ல நின்னு பாரு. அங்க ஒண்ணும் அடிக்காது.”

ஏற்கெனவே திட்டம் போட்டுவிட்டேன். முன்வாசல் முழுக்கக் கிப்பிங். இலை இலையாக, சிவப்பும் மஞ்சளுமாக அரிசி வடாம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். எங்களுடையது முனை வீடு; சமையலறை இருக்கும் சந்துப் பக்கம் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மேடம் மட்டும் ஒன்று கேட்டார். “எல்லார் வீட்டப் பத்தியும் எழுதியிருக்க. உங்க வீட்டுக்கு நேரா காலியா இருக்கே?”

“கிப்பிங் மேடம்.”

“அது எல்லா வீட்லயும்தான் தொங்கும். உங்க வீட்ல என்ன?”

மணி அடித்தது. பிழைத்தேன்.

மே 3

அழுகை வருகிறது. கிப்பிங்குக்கு மாவு கரைத்து, சாயம் கலந்து, இலைமேல் ஊற்றி அவித்து, ஆறவிட்டு உரித்தால் — எல்லாம் கிழிகிறது. இலையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு இலையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேனே, அதற்கா இந்தப் பரிசு?

மே 4

சோப்புதான் காரணம்! இன்று அறிவியல் வகுப்பில் இலை பாடம். இலையின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறதாம், தண்ணீரை ஒட்டவிடாமல் வைத்திருப்பது அதுதானாம். நான் நாரைப் போட்டுத் தேய்த்துப் படலத்தையே எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு ஓடிவந்து புது இலைகளை ஈரத்துணியால் துடைத்து மட்டும் ஊற்றினேன். உரித்தபோது நரம்பு நரம்பாக ஒரு முழு இலை கையில் வந்தது. புத்தகத்தில் இருந்தது எங்கள் அடுப்பில் நடக்கிறது! அம்மாவிடம் காட்டினேன்.

“இலையத் தேய்க்கக் கூடாதுன்னு ஊருக்கே தெரியுமேடி.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“பொறுப்பு உன்னுதுன்னியே.”

மே 13, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

என் அண்ணன் ரென்சோ சப்பரம் தூக்குகிறவர்களில் ஒருவன். இன்று பாதையை நடந்து பழகிவிட்டு வந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு.

“டெஸ், உன் அம்பு முனைல எந்தப் பக்கம் திரும்புது?”

“வலது.”

“நாங்க சந்து வழியா வந்து இடது பக்கம் திரும்புறோம். உன் வாசலுக்கு சான் இசித்ரோ முதுகத்தான் காட்டுவாரு. கவலப்படாத, முதுகுக்கும் புது பெயின்ட் அடிச்சிருக்கு.”

கோவிலுக்கு ஓடினேன். கதவில் ஒட்டியிருந்த தாளில் தெளிவாகவே இருந்தது. எங்கள் தெருதான், ஆனால் முனைக்கு அந்தப் பக்கம் உள்ள பாதி. ஒவ்வொரு முறையும் பாதை மாறும் என்று தெரிந்திருந்தும், அப்பாவின் தோளிலிருந்து பார்த்ததை வைத்தே வரைந்திருக்கிறேன். மேடம் பக்கத்து ஊர், அவருக்கு எப்படித் தெரியும்?

சந்து வழியாக வருகிறார்கள். சந்தில் எங்கள் வீடு என்றால் — சமையலறை. கரி பிடித்த சுவர். பூண்டு. வகுப்பு மொத்தமும் வந்து நிற்கப் போவது அங்கே. நான் ஏன்டா பொறந்தேன்னு இருக்கு.

மே 14

காலையில் கிப்பிங்கைச் சமையலறைச் சுவருக்கு மாற்றிப் பார்த்தேன். பனஹாவ் மலை பக்கமிருந்து மழை வந்தது. அந்தச் சுவருக்கு இறவாரம் கிடையாது. மாட்டிய கொத்து கண்ணெதிரே கஞ்சியாக வழிந்தது. மீதியை முன்வாசலுக்கே கொண்டுபோய்விட்டேன்.

பிறகு சுவரை மறைக்க ஒரு பேனரைக் கட்டினேன். போன தேர்தலில் தோற்ற யாரோ ஒருவர் அதில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

“இந்தாளுக்கா பவனி?” என்றான் அண்ணன்.

மாலையில் அம்பைத் திருத்த வரைபடத்தை எடுத்தேன். வீடு வீடாகக் கேட்டு எழுதியதையும் படித்தேன். தொப்பி முடைகிறவர் வீட்டில் தொப்பி, கத்தரி போட்டவர் வீட்டில் கத்தரிக்காய். தையல்கார அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன்: “நாங்க தைக்கிறதத்தான மாட்டணும்? அடுத்தவன் முள்ளங்கிய வாங்கி மாட்டுனா சாமிக்குத் தெரியாதா?” அன்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். கீழே எங்கள் வீடு, காலியாக.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் வெட்கப்பட்டதற்காக.

வெளியே போய் பேனரைக் கிழித்துப் போட்டேன்.

“அம்மா, லொங்கனிசா இருக்கிற சரமெல்லாம் குடு.”

“நாளைக்கு விக்க வச்சிருக்குடி. எதுக்கு?”

“சுவத்துல தொங்கவிட.”

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு எடுக்கப் போனாள். மழைக்கு அது கரையவா போகிறது?

மே 15, திருநாள்

எங்கே ஆரம்பிப்பது?

விடிந்ததும் மழை விட்டது. சுவர் முழுக்க வாழை இலை, அதன்மேல் வளைவு வளைவாக லொங்கனிசா, நடுவே பூண்டுக் கொத்துகள். சன்னல் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே அப்பா விடாமல் வறுத்துக்கொண்டிருந்தார். தெருநாய்கள் எல்லாம் வந்து மரியாதையாக உட்கார்ந்திருந்தன. சப்பரம் தூக்கப் போகும் வரை அண்ணனுக்கு நாய் விரட்டும் உத்தியோகம்.

மதியம் வகுப்பு வந்தது. அம்பு தப்பு என்று எல்லோர் முன்னாலும் மேடத்திடம் சொன்னேன்.

“முழு மார்க் போட்டவ நான். அப்போ என் மேலயும் பாதி தப்பு,” என்றார். காலியாக இருந்த இடத்தை விரலால் தொட்டார். “இப்ப இத எழுதலாமா?”

அங்கேயே, சுவரில் தாளை வைத்து எழுதினேன்.

நாலு மணிக்கு வாத்தியச் சத்தம். சந்தில் சான் இசித்ரோ வந்தார். சப்பரத்தின் தண்டுகள் நீளம், சந்தோ குறுகல். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலது பக்கம் ஒடித்தாக வேண்டும். ஒடித்தார்கள். அவர் நேராக எங்கள் சமையலறையைப் பார்த்து நின்றார். முன்னால் போனவர்கள் நகரும்வரை நின்றுகொண்டே இருந்தார். அம்மா எண்ணெய்க் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். தண்டுக்கு அடியில் வியர்த்து நின்ற அண்ணன் வாயைத் திறந்து காட்டினான். ஓடிப்போய் வறுத்த லொங்கனிசா ஒன்றை ஊட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களும் வாயைத் திறந்தார்கள்.

அப்புறம்தான் இடது பக்கம் திரும்பி, என் கிப்பிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார். பெயின்ட் புதுசுதான்.

நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பவனி போனதும் சனம் சுவரில் கை வைத்தது. இன்று யார் வேண்டுமானாலும் பறித்துக்கொண்டு போகலாம். எண்ணெய் வடியும் உதட்டோடு கிளாரிஸ் வந்தாள்.

“ஏய் பூண்டு, இன்னொண்ணு இருக்கா?”

“வரிசையில நில்லு,” என்றேன். நின்றாள்.

மே 16

வகுப்புக்கு லொங்கனிசா கொண்டு போக அம்மா நல்ல பை கேட்டாள். சீருடையை மூடி வைக்கும் பிளாஸ்டிக் உறையைக் கொடுத்துவிட்டேன். இனி அது திரும்பி வராது.

பள்ளி விட்டு வந்தாயிற்று. துவைத்த சீருடை சமையலறை ஆணியில் தொங்குகிறது. அங்கேதான் சீக்கிரம் காயும்.