பகலில் தூங்கும் வீடு

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே புழுக்கம். பென்னலூரில் எங்கள் லைன் வீடு முழுக்க நைட் ஷிப்ட் ஆட்கள். பகலில் குக்கர் விசில் அடித்தாலே சண்டை. என் வீட்டுக்காரர் ஜெ. வந்து படுத்தாயிற்று. மகள் மெர்சிக்கு மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு சொல் இல்லை. கையைக் காட்டுவாள், சேலையை இழுப்பாள், அவ்வளவுதான்.

வீட்டு ஓனர் அக்கா வாசலில் நிறுத்தி, "இன்னாமா, கொழந்த இன்னும் வாயே தொறக்கல? நீ பேச்சப் பத்திதானே படிச்சிகினு கீற?"

சுருக்கென்றது.

ஆக. 5, செவ்வாய்

வாங்க: பால், பூண்டு, ஜெ. காதில் வைக்கப் பஞ்சு.

என் பிஎச்.டி. கைடிடம் போனில் கேட்டேன். அவர் கட்சி தெரிந்ததுதான். இலக்கணத்தின் அச்சு பிறக்கும்போதே மூளையில் இருக்கிறது, நாலு சொல் காதில் விழுந்தால் தானே முளைத்துவிடும். "பொறுமையா இரும்மா." என் ஆய்வேடும் அதைத்தான் சொல்கிறது. எதிர்க்கட்சியோ, அச்சும் இல்லை ஒன்றும் இல்லை, கேட்டுக் கேட்டுப் பழகித்தான் வாக்கியம் அமைகிறது என்கிறது. அப்படியானால் இந்த வீட்டில் "உஷ்" தவிர அவள் எதைக் கேட்டாள்?

பயம். எந்தக் கட்சி தோற்றாலும் சரி, பிள்ளை பேசினால் போதும்.

ஆக. 7, வியாழன்

மறைமலை நகரில் காது டெஸ்ட். காது நன்றாகக் கேட்கிறதாம். "வீட்ல நல்லா பேச்சு குடுங்க" என்றார் டாக்டர்.

வந்ததும் ஜெ.விடம் சண்டை. "பகல்ல ஒறங்காம மெஷின்ல கைய விடவா? சொல்லுட்டி." இதுவும் குசுகுசுவென்றேதான். சத்தமாகச் சண்டை போடக்கூட மறந்துவிட்டது.

ஆக. 9, சனி

மழை வரும்போல. ஜெ. உறக்கம். துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். குளியலறையில் மெர்சி, குந்தி உட்கார்ந்து வாளிக்குத் துண்டு போர்த்திக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. வெறும் மூச்சு, குரலே இல்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வாளி ஒறங்குது. சத்தம் போடாத."

அப்பா உறங்குகிறார் என்று நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறோம். வாளி உறங்குகிறது என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. இதைக் கைடு தன் பக்கம் இழுப்பார், எதிர்க்கட்சி தன் பக்கம் இழுக்கும். இழுக்கட்டும். எத்தனை நாளாகப் பேசுகிறாளோ. பேச்சு என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிட்டாள் என் பிள்ளை.

"எப்போ எந்திரிக்கும்?" என்றேன், அவளைப் போலவே வெறும் மூச்சில்.

யோசித்தாள்.

"ராவானதும்."