கேஸ் ஷீட்டில் ‘தினமும்’

இன்று காலை லேப் ஜன்னலுக்கு ஓர் ஊதா மூடிக் குழாய் வந்தது. அதே நோயாளி, அதே ரத்தப் பரிசோதனை, மூன்றாவது நாள். கையில் வாங்கியதும் ஸ்பிரிட் வாசனை. உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும்.

நம் ஓசூர் ஆஸ்பத்திரியின் வழக்கம் உனக்குத் தெரியாததா? சேர்ந்த அன்று கேஸ் ஷீட்டில் ‘தினமும்’ என்று எழுதிவிட்டால், ஆள் வீட்டுக்குப் போகும்வரை அதை யாரும் அடிக்கமாட்டார்கள். நாட்றாம்பாளையத்துப் பெரியவருக்குக் குத்திக் குத்தியே கை கன்றிப்போனது. வார்டு நர்ஸான நீதான் என்னைத் தேடி லேபுக்கு வந்தாய். “நாலு நாளா ஒரே ரிசல்ட்டு. நாளைக்கு நான் எடுக்கல, நீயும் கேக்காத. டாக்டர் கேட்டா ரெண்டு பேருமாத்தான் நிறுத்துனோம்னு சொல்லிக்கலாம்டி” என்றாய். சரி என்றேன்.

டாக்டர் கேட்டார். நீ என் முகத்தைப் பார்க்காமல், “லேபுல வேணாம்னுட்டாங்க சார், எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாய். சூளகிரியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவள் நீ. அன்றே என்னை ரத்தம் பரிசோதிக்கும் மெஷினிலிருந்து எடுத்து, குழாய் வாங்கும் இந்த ஜன்னலில் உட்கார வைத்தார்கள். இரண்டு பிள்ளைகள், வேலை போய்விடுமோ என்ற பயம் உனக்கு. எனக்கு மட்டும் வேலை வேண்டாமலா கிடந்தது?

அப்புறம் நீயே அந்த வார்டில் படுத்தாய். ஈரல் போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று உன் வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகும், காலையானால் உன் பெயர் ஒட்டிய குழாய் என் ஜன்னலுக்கு வந்தது. வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. குத்தட்டும், அவளுக்கும் தெரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஏழாம் நாள்தான் பார்க்க வந்தேன். உன் இரண்டு கையும் கறுத்துக் கிடந்தன. மன்னிப்புக் கேட்பாய் என்று நின்றேன். “குழாய நீதான வாங்குற? நீ போன் பண்ணுவன்னு தெனமும் பாத்துட்டிருந்தேன்டி” என்றாய். அன்றிரவே நீ கண்ணை மூடினாய்; மறுநாள் குழாய் வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் இன்று வார்டுக்குப் போன் போட்டேன். “நேத்து ரிசல்ட்டே நல்லாத்தான இருக்கு, இன்னிக்கும் வேணுமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க” என்றேன். புது நர்ஸ் தயங்கினாள். “யாரு கேட்டாங்கன்னு சொல்றதுங்கக்கா?”

என் பெயரைச் சொன்னேன்.