இடது பக்கத்து மேல் எண்

கிண்ணியா
6.11.2025, இரவு 1.40

அன்பின் பஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்நேரத்தில் ஈமெயில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மகள் இப்போதுதான் கண்ணை மூடினாள். இன்றைக்கு அவளுக்கு இருபத்தாறு நாள். சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாள் என்று போனை நிறுத்தியே வைக்கிறேன். கோபிக்காதே.

கம்பஸில் நாம் படித்த இரசாயனவியல் போன வெள்ளிக்கிழமை ஒரு தரம் உதவியது. வலைக்கு ஈயக்குண்டு வார்க்கவென்று என் கணவர் நிப்றாஸ் துறைமுகப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு ஈயக் குடுவை வாங்கி வந்தார். இரண்டு பேர் தூக்க வேண்டிய பாரம். துருப்பிடித்த தகட்டில் Cs என்று கிடந்தது. சீசியம் என்றேன். "அப்ப உங்கட படிப்பு வீண்போகல்ல" என்று சிரித்தார்.

ஈயத்தை உருக்கியாயிற்று. உள்ளே விரலளவில் பளபளவென்று ஒரு உருக்கு இரும்புத் துண்டு. நாற்பது நாள் முடியும்வரை பிள்ளையின் தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டுமென்று மாமி பிடிவாதமாய் நின்றா. கத்தி வைக்க எனக்குப் பயம். அந்தத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டோம்.

இவருடைய உள்ளங்கை சிவந்து கொப்புளித்திருக்கிறது. ஈயம் சுட்டதாம். மகளைப் பார்க்க எப்போது வருகிறாய்?

அன்புடன்,
ரிப்கா


கொழும்பு
6.11.2025, காலை 6.15

ரிப்கா,

ஏழு தரம் போன் எடுத்தேன். இதைக் கண்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே போங்கள். அந்தத் துண்டை யாரும் தொடக் கூடாது. அம்புலன்சுக்குச் சொல்.

தகடு வீட்டுக்கு வெளியே கிடந்தால் மட்டும் பார். நீ எழுத்தை மட்டும் எழுதியிருக்கிறாய். எண் எங்கே? இடது பக்கம் கீழே 55 இருக்கும், எந்தச் சீசியத்துக்கும் அதுதான். மேலே உள்ளதைச் சொல். 133 என்றால் பயமில்லை. 137 என்றால், புற்றுநோய்ப் பிரிவில் நாங்கள் தடித்த சுவருக்குப் பின்னால் நிற்பது அப்படிக் கதிர் வீசுகிறவற்றுக்குத்தான். அந்த ஈயம் அதை அடைத்து வைத்த சுவர், ரிப்கா.

பஸ்மியா


திருகோணமலை ஆஸ்பத்திரி
7.11.2025, இரவு 2.10

பஸ்மியா,

நீ எழுதியதை நேற்றுக் காலை பத்து மணிக்குத்தான் பார்த்தேன். தகடு கோழிக்கூட்டடியில் கிடந்தது. துருவைச் சுரண்டினேன். மேலே 137.

எங்கள் ஒழுங்கையில் ஆட்களை வெளியேற்றித் தெருவையே மூடிவிட்டார்கள். "இரும்புதானே மகள் வெச்சன்" என்று மாமி திரும்பத் திரும்பச் சொல்கிறா. அவவை ஏச எனக்கு வாய் வரவில்லை. தகட்டை வாசித்தவள் நான்.

இவர் மாலையில்தான் ஒன்றைச் சொன்னார். "வெள்ளியோ எண்டு அந்தத் துண்ட அரத்தால ராவிப் பார்த்தன் ரிப்கா. உள்ளுக்கிருந்து மாவு மாதிரி கொட்டிச்சு." அந்தச் சட்டையோடுதான் அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கியிருக்கிறார். நானும் ஆறு இரவு அதே பாயில் படுத்தேன்.

கொழும்பிலிருந்து அணுசக்திச் சபை ஆட்கள் வரும்வரை ஒன்றும் சொல்ல ஏலாதாம். மகள் பசியில் அழுது களைத்துவிட்டாள். எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கிடக்கிறது. உன் போனும் எடுபடுகிறதில்லை.

அந்த மாவு எனக்குள்ளும் போயிருந்தால், அவளுக்கு நான் பால் கொடுக்கலாமா? சீக்கிரம் பதில் எழுது.

ரிப்கா