நாற்பது தட்டு மினெஸ்ட்ரோனே

மார்ச் 12
மழை. கணவரின் தம்பி வால்தோ லூக்கா நகரத்திலிருந்து வந்து காபி குடித்துவிட்டுப் போனான். வாசலில் வைத்துச் சொன்னான்: "அண்ணி, ஜனவரியில அம்மா கேஸ் அடுப்பை மூடாமலே படுத்துட்டாங்க. இன்னொரு தப்பு நடந்தா முதியோர் இல்லம்தான். இடம் சொல்லி வெச்சிருக்கேன்." அத்தை காதில் விழுந்திருக்கும். இன்று என்னோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை.

மார்ச் 17
நாளை மறுநாள் சூசையப்பர் திருநாள். கோயில் விருந்துக்கு நாற்பது தட்டு மினெஸ்ட்ரோனே சூப் இந்த வீட்டிலிருந்துதான் போகும். அத்தை தனியாகவே மலைக்குப் போய்க் காட்டுக்கீரை பறித்து வந்தாள். "நீ வந்தா புல்லையும் சேத்துப் பறிப்பே, நொரீனா." இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற பாட்டு.

மார்ச் 18
 எழுதினாலாவது மனம் அடங்குமா?

காலையிலேயே பீன்ஸும் கீரையும் வெந்து, சூப்பை இறக்கிப் பின்வாசலில் ஆறவைத்தோம். ஒரு நாள் ஊறினால்தான் ருசி. நாளை சுடவைத்துப் பரிமாற வேண்டும். கூடையைக் கழுவப் போனேன். அடியில் ஓர் இலை ஒட்டியிருந்தது. நாங்கள் சூப்பில் போடும் போராஜ் கீரை என்றால் சுணை கையைக் குத்தும். இது பூனைக்காது மாதிரி மெத்தென்று இருந்தது. ஊதா மணிப்பூச் செடியின் இலை. தின்றால் இருதயம் நின்றுவிடும்.

இது ஒன்றுதானா? அண்டாவுக்குள் எத்தனை கிடக்கிறது? வெந்த கீரையில் என்னத்தைத் தேடுவது?

சொன்னால் வால்தோ நாளைக்கே அவளைக் கூட்டிப் போய்விடுவான். சொல்லாவிட்டால் — நாற்பது பேர்.

நகர்த்துவதுபோல அண்டாவை இழுத்தேன். கவிழ்ந்தது.

"கையாடி அது, கட்டையா? நாற்பது பேரு சாப்பாடு!" அத்தை கத்தியது தெருவுக்கே கேட்டது. கோழிகள் ஓடி வந்தன. விரட்டிவிட்டுத் தரையில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினேன்.

"கோழியாவது தின்னட்டுமே. அதையும் ஏண்டி கெடுக்கிறே?"

நான் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது — உப்புப் பார்க்க ஒரு கரண்டி குடித்தாளே. ஐயோ.

மாலை ஐந்து. கையைப் பிடித்து நாடி பார்த்தேன். "இப்ப என்னடி கொஞ்சல்?" என்றாள். வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை. இலேசாக ஏதாவது ஆனாலும் உண்மையைச் சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவேன். ஒரு நாளும் என்னிடம் நல்லபடியாகப் பேசாதவள். இவளுக்காக ஏன் இந்தப் பாடு? பயமாக இருக்கிறது.

மார்ச் 19
பிழைத்தாள். எழுந்ததுமே திட்டினாள். விருந்துக்குக் கடை முட்டைக்கோஸ் சூப்தான். ஏன் என்று நாற்பது பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

மார்ச் 26
வால்தோ மறுபடி வந்தான். அத்தை மடியில் கீரைக்கூடையோடு மேஜையருகே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்த இல்லத்தை ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"நானா? நான் போயிட்டா இந்த அடுப்படிய யாருடா பாக்குறது? நாற்பது தட்டு சூப்பைக் கவுத்தவ உங்க அண்ணி. இவளைத் தனியா விட்டுட்டு எங்க வர?"

வால்தோ சிரித்துவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது மேஜைக்கு அடியில் அவள் கை என் கையைத் தேடியது. பார்த்துச் சொல் என்பதுபோல ஓர் இலையை வைத்தாள். சுணை குத்தியது, போராஜ்தான்; திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததை வைத்தாள். மேலே அவனோடு வாயாடிக்கொண்டே இருந்தாள்.

ஆறாவது இலை மெத்தென்று இருந்தது. என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.